கவர்னரின் வாரிசு

தென்கோடிப் பண்ணை, சாத்தம் தீவு
செப்டம்பர் 21

என் தங்கை பெற்று நான் வளர்த்த மருமகளும், டனீடன் நகரத்தின் ஒரே அறிவாளியுமான ஹூரியாவுக்கு,

தென்கோடிப் பள்ளத்தாக்கின் முடிசூடா மன்னனும், எண்ணூறு ஆடுகளுக்கும் ஒரு மனைவிக்கும் அதிபதியுமான உன் மாமன் ஹோஹெப்பா எழுதுவது. இரண்டாவது அதிகாரம் செல்லாது என்று உன் அத்தை பிரிஹிரா அடுப்படியிலிருந்து அறிவிக்கிறாள். அவளுடைய முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் எல்லாமும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தொலைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் பாதி சொல்லும்போதே "மாமா, பொய்" என்கிறாய். கடிதம் என்றால் முடியும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வாரம் அடித்த காற்றைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பக்கத்துப் பண்ணை ஹெமி அவன் வீட்டு வாசலில் நின்று கொட்டாவி விட்டான். அது வந்து எங்கள் ஜன்னலில் மோதிக் கண்ணாடி விரிசல் கண்டது. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட காற்றில், பாதி உலகக் கடலைச் சுற்றிவிட்டு, கவர்னர் திரும்பி வந்துவிட்டார். அதே பள்ளத்தாக்கு, அதே பொந்து. கரிய கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக, போன வருடத்தைவிட இரண்டு மடங்கு பெருத்திருக்கிறார். இந்தத் தைக்கோ பறவைகள் உலகத்தில் நம் தீவைத் தவிர வேறெங்கும் முட்டையிடுவதில்லை. அவையும் ஒரு கல்யாண மண்டபத்தைக்கூட நிரப்பாது. அதில் நம் பள்ளத்தாக்குக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். ஆறாவது வருடமாகப் பொந்தைத் துடைத்து வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து பெண் கேட்டுக் கூவுகிறார். ஒருத்தியும் வரவில்லை. "உன் கவர்னருக்கு வாய் நாறுதோ என்னவோ" என்கிறான் ஹெமி. அவனோடு நான் பேசுவதை நிறுத்தி இரண்டு நாளாயிற்று. நாளை அவன் டிராக்டர் வேண்டும். ஆகவே நாளை மன்னித்துவிடுவேன்.

பொந்து வாசலில் கிடந்த இறகு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மெஷினில் போட்டு, இவர் எந்த வம்சம் என்று பார். அப்படியே ஒரு பெண்ணும் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறை போடு.

உன் மாமன்,
ஹோஹெப்பா


டனீடன்
அக்டோபர் 9

அன்புள்ள மாமா,

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், காலுறையும் போடுகிறேன். அத்தையின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அது முழங்காலுக்கு, உங்கள் ஆட்டுக்கு அல்ல.

இறகு பத்திரமாக வந்தது. ஆனால் அது வந்த உறையில் பாதி பிஸ்கட்டும் இருந்தது. இனி இறகைத் தனியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் கவர்னர் கோதுமை வம்சம் என்று முடிவு வரும்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நம் தீவில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஆட்டின் காதில் ஒரு வெட்டு உண்டு அல்லவா? உங்களுக்கு ஒன்று, ஹெமிக்கு ஒன்று. காதைப் பார்த்தால் எந்த மந்தை என்று தெரிந்துவிடும். நான் பார்ப்பதும் அதுதான். காதில் இல்லாமல் ரத்தத்தில் இருக்கிறது. தெற்கே ஃப்ளோராவின் பறவைக் குழு காக்கிற அத்தனை தைக்கோக்களின் வெட்டும் என்னிடம் இருக்கிறது. எல்லாம் நாலைந்து குடும்பங்கள்தான், ஒன்றுக்குள் ஒன்று. அப்படியே பெருகினால் குஞ்சுகள் நோஞ்சானாகும், முட்டைகள் கூழாகும். மந்தையில் வெளிக் கிடாயே விடாத பண்ணை என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கவர்னர் ஆண்தான். அவருடைய வெட்டு வேறு எந்தப் பறவையிடமும் இல்லை. நாம் யாரும் பார்க்காத ஒரு குடும்பத்தின் கடைசி ஆள் போலிருக்கிறது. பிள்ளை இல்லாமல் அவர் போய்விட்டால் அந்த ரத்தம் அவரோடு முடிந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். பூனையும் எலியும் ஏற முடியாத வேலி ஒன்று போடக் குழுவிடம் வசதி இருக்கிறது. ஒன்றே ஒன்று. தெற்கிலா, நம் பள்ளத்தாக்கிலா என்று மே மாதம் முடிவு செய்வார்கள். கவர்னரின் ரத்தத்தில் ஒரு குஞ்சு பொரித்தால் வேலி நமக்கு. இல்லையென்றால் தெற்குக்கு. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் பூனை பிடிக்க வைத்திருக்கும் கூண்டுகளையும் எடுத்துப் போய்விடுவார்கள்.

ஆகவே, மாமா, கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் எதுவும் செய்யாதீர்கள். பெண் வருவதானால் அவளாக வருவாள்.

அன்புடன்,
ஹூரியா


தென்கோடிப் பண்ணை
நவம்பர் 2

செல்ல மருமகளுக்கு,

இங்கே யாவரும் சுகம். தைலம் வந்தது. முழங்கால் இப்போது துள்ளுகிறது. மிச்சத்தை ஓர் ஆட்டுக்கும் போட்டேன், அதுவும் துள்ளுகிறது.

நீ எதுவும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே நான் செய்துவிட்டேன். ஆகவே உன் பேச்சை மீறியவன் ஆக மாட்டேன். தபால் விமானம் தாமதமானதற்கு நானா பொறுப்பு?

விஷயம் இதுதான். கிடாயை மந்தையில் விடுவதற்கு முன் அதன் நெஞ்சில் நீலச் சாயப்பொடி பூசுகிறோம். எவள் முதுகில் நீலம் ஒட்டியிருக்கிறதோ, அவளிடம் கிடாய் போயிருக்கிறான். பாட்டன் காலத்து விஞ்ஞானம். அதையே கொஞ்சம் திருப்பினேன். கவர்னரின் பொந்து வாசலில் ஒரு கை பொடியைத் தூவிவைத்தேன். உள்ளே நுழைகிற பெண் நெஞ்சால் தேய்த்துக்கொண்டுதானே போக வேண்டும்?

நாலாம் நாள் ஃப்ளோராவின் வண்டி, ஆடுகள் சிதற, வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு படம். தெற்கு முகாமில் அவர்கள் பிடித்த பெண் தைக்கோ, தொண்டை முதல் வயிறு வரை நீலம். அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பையன் புது இனம் கண்டுபிடித்துவிட்டேன் என்று அம்மாவுக்கே செய்தி சொல்லிவிட்டானாம்.

ஃப்ளோரா படத்தைப் பார்த்தாள். பிறகு என் நாய் சார்ஜன்டைப் பார்த்தாள். அது சாய வாளிக்குள் தலையை விட்டிருந்த நேரம்.

"ஹோஹெப்பா, உங்க நாய் மூக்கு ஏன் நீலமா இருக்கு?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தான்."

"உங்க காது?"

"எங்க அப்பா வழி."

"அவரு காதை நான் பாத்திருக்கேன். சாதாரணக் காதுதான்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். ஃப்ளோரா குரலைத் தாழ்த்தினால் கடலே ஒரு அடி பின்வாங்கும். "அந்தப் பறவைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா என்ன செய்வீங்க? இனிமே பொந்துக்கு அம்பது அடிக்குள்ள வந்தீங்கன்னா, பூனைக்கு வெச்ச கூண்டுல உங்களைப் போட்டுப் பூட்டுவேன். கவர்னருக்குப் பக்கத்துல ராஜா குடியிருந்த மாதிரி இருக்கும்."

உன் அத்தை அவளுக்கு டீ கொடுத்துக்கொண்டே, "கூண்டு பெருசா இருக்குமா?" என்று விசாரித்தாள். என் வீட்டில் எனக்கு இருக்கும் ஆதரவு இது.

ஆனால் ஹூரியா, நீலப்பெண் ஒருத்தி வந்து போயிருக்கிறாள். ஆறு வருடத்தில் முதல் முறை. அதை மட்டும் ஃப்ளோராவாலும் மறுக்க முடியவில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மாமன்


டனீடன்
நவம்பர் 22

அன்புள்ள மாமா,

நான் சுகம். உங்கள் காது பழைய நிறத்துக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் கோபம். இந்தப் பறவைகள் தங்கள் நெஞ்சு இறகின் எண்ணெயை நம்பித்தான் கடலில் மிதக்கின்றன. பொடி அதை உறிஞ்சியிருந்தால் அவள் முழுகியிருப்பாள். ஃப்ளோரா அவளைக் குளிப்பாட்டி, காய வைத்து, இரண்டு நாள் கூட வைத்திருந்து, பிறகு பறக்கவிட்டாள். உங்களுக்காக அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடு, எனக்கும் அவரை ரொம்ப வருஷமாத் தெரியும்" என்றாள். அவளுக்கு இரண்டு சிங்கி இறால் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியதாக.

இப்போது சந்தோஷம். குளிப்பாட்டும்போது அவள் ரத்தம் ஒரு சொட்டு எடுத்து எனக்கு அனுப்பினார்கள். தெற்குக் குடும்பம்தான், கவர்னருக்கும் அவளுக்கும் ஒரு ஒட்டுறவும் இல்லை. இதைவிட நல்ல ஜோடியை நானே உட்கார்ந்து பொருத்தியிருந்தாலும் கிடைத்திருக்காது. விட்டவுடன் அவள் நேராக நம் பள்ளத்தாக்குக்குத்தான் போனாள் என்று ஃப்ளோரா சொன்னாள். என் பேராசிரியரிடம் சொன்னேன். நீலச் சாயத்தைக் கேட்டுச் சிரித்தவர், ஜோடி யார் என்று கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இனி ஐம்பது அடி தள்ளி நின்று பாருங்கள். அத்தையின் முழங்கால் எப்படி?

அன்புடன்,
ஹூரியா


தென்கோடிப் பண்ணை
பிப்ரவரி 4

என் குலக்கொழுந்துக்கு,

சுகம், சுகம், மூன்றாவது முறையும் சுகம். முழங்கால்கூடச் சுகம்.

கடிதம் எழுதவில்லை என்று கோபப்பட்டிருப்பாய். நான் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் நீலப்பெண் ஒரு முட்டை இட்டாள். இந்தச் சாதி வருடத்துக்கு ஒன்றே ஒன்றுதான் இடும்; ஆனால் இது சாதாரண முட்டை இல்லை, பூசணிக்காய் அளவு. ஃப்ளோரா பொந்துக்குள் குழாயில் வைத்த கேமராவில் சிறியதாகத் தெரிந்தது கேமராவின் குற்றம். அன்று முதல் கவர்னரும் அவளும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அவள் இரை தேடிப் போனவள் வர நாளானபோது, அவர் பட்டினியாகவே உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குத் துணையாக ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பட்டினியாக இல்லை.

போன வாரம் பொரித்துவிட்டது. சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை, அதில் ஒரு மூக்கு. கவர்னர் இரண்டாமவர் என்று பெயர் சூட்டிவிட்டேன்.

அப்புறம் என்ன, விருந்துதான். கொல்லையில் குழி தோண்டிக் கல்லைக் காய்ச்சி, இரண்டு ஆடு, உருளைக்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, காட் மீன், இறால் எல்லாம் உள்ளே புதைத்து வேகவைத்தோம். தீவு முழுக்க வந்தது. தீவில் இல்லாதவர்களும் வந்ததாக ஞாபகம். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று, "கவர்னரின் ரத்தம் நிலைத்தது, வம்சம் தழைத்தது" என்று பேசினேன். கிழங்கு ஆறிவிட்டது என்று அத்தை பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.

ஹெமி கேமராப் படத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "கவர்னரு ஜாடை இல்லையேப்பா" என்றான்.

"பஞ்சு உருண்டைக்கு என்னடா ஜாடை?"

"எம் புள்ளைங்களும் பொறந்தப்போ பஞ்சு உருண்டைதான். ஆனா மூக்கு என் மூக்கு."

"அதனாலதான் உன் புள்ளைங்க இன்னும் அழுதுக்கிட்டு இருக்குதுங்க" என்றேன். சபை என் பக்கம்.

முட்டை ஓட்டின் உள்தோலை ஃப்ளோரா உனக்கு அனுப்பிவிட்டாள். நீ ஒரு முத்திரை குத்திவிட்டால் வேலி நமக்கு. நான் கம்பம் நடும் இடங்களைக் குறித்தாயிற்று.

வேளைக்குச் சாப்பிடு.

கவர்னர் வம்சத்தின் அரண்மனைக் காவலன்,
உன் மாமன்


டனீடன்
மார்ச் 2

அன்புள்ள மாமா,

சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. மேற்கிலிருந்து வந்தது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தெற்கிலிருந்து என்றார்கள். என் ஜன்னலுக்கு நேரே இருக்கும் சாலையில் தண்ணீர் தேங்கி, ஒரு பேருந்து நின்றுவிட்டது. என் கால் சப்பாத்துகளில் ஒன்று நனைந்து, உலர வைத்ததில் சுருங்கிவிட்டது. மற்றது சுருங்கவில்லை. மழை நின்றால் கடைக்குப் போய் வேறு வாங்க வேண்டும். நின்ற மாதிரி இருக்கிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது.

மெஷினில் கொஞ்சம் வேலை இருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

விருந்து நன்றாக நடந்தது பற்றி மகிழ்ச்சி. சற்று முன்கூட்டியே வைத்துவிட்டீர்களோ என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அத்தைக்கு என் அன்பு.

ஹூரியா


தென்கோடிப் பண்ணை
மார்ச் 12

அன்பு ஹூரியாவுக்கு,

சுகம்.

நீ மழையைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். டனீடனில் மழை பெய்வது செய்தி என்றால், கடலில் தண்ணீர் இருப்பதும் செய்திதான். சிறு வயதில் என் படகுத் துடுப்பை உடைத்துவிட்டு வந்த அன்றும் நீ சாப்பாட்டு மேசையில் மேகங்களைப் பற்றித்தான் பேசினாய். இடி இடிக்கும் என்றாய், இடித்தாலும் தூரத்தில்தான் இருக்கும் என்றாய். அப்போதும் நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய்.

குஞ்சு நன்றாக இருக்கிறது. கவர்னர் நன்றாக இருக்கிறார்.

சொல்லு.

மாமா

(ஹூரியா, அத்தை எழுதறேன். கடைசியில கொஞ்சம் இடம் விட்டு வெச்சிருந்தாரு, அதனால. எதுவானாலும் நேரா சொல்லிடு கண்ணு. மனுஷன் மூணு நாளா ஒரு பொய்கூடச் சொல்லலை. வீடு வீடாவே இல்லை. பிரிஹிரா.)


டனீடன்
மார்ச் 25

அன்புள்ள மாமா, அத்தை,

நான் சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

சொல்லிவிடுகிறேன். குஞ்சுக்குத் தாய் நீலப்பெண்தான். தகப்பன் கவர்னர் இல்லை.

முதல் தடவை இந்த முடிவு வந்தபோது நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். பக்கத்து மேசைக்காரியைச் செய்யச் சொன்னேன். பதில் மாறவில்லை. எங்கள் கணிப்பில் நடந்தது இப்படித்தான் இருக்கும்: பருவத்தின் தொடக்கத்தில் நீலப்பெண்ணுக்கு வேறொரு துணை இருந்திருக்கிறான். அவனைப் பூனை பிடித்ததோ, கடல் கொண்டதோ தெரியவில்லை. அவள் தனியாகத் திரிந்தபோது, கவர்னரின் கூவலைக் கேட்டு உள்ளே வந்தாள். வரும்போதே முட்டைக்கான வித்து அவளிடம் இருந்தது. அந்தத் துணை தெற்கில் நாங்கள் அறிந்த ஆண்களில் யாரும் இல்லை.

அறிக்கையில் இதை எழுத வேண்டும். எழுதினால் வேலி போய்விடும். உங்கள் விருந்தைப் பற்றி ஊர் சிரிக்கும். ஆனால் என் கை தயங்கியது அதனால் இல்லை, மாமா.

கவர்னர் கடலுக்கும் பொந்துக்கும் அலைந்து ஊட்டுவதை ஃப்ளோரா சொன்னாள். அவர் பட்டினி கிடந்து அடைகாத்ததை நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "உறவில்லை" என்று தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அம்மா என்னைக் கைக்குழந்தையாக உங்களிடம் கொடுத்துவிட்டு வெலிங்டன் போனாள். பிள்ளையை உறவில் கொடுத்து வளர்ப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான், யாரும் ஒளித்ததில்லை, நானும் வருந்தியதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை உங்களுக்கு எழுத என்னால் முடியவில்லை. அதனால்தான் மழையைப் பற்றி எழுதினேன்.

மன்னியுங்கள்.

ஹூரியா


தென்கோடிப் பண்ணை
ஏப்ரல் 7

என் ஹூரியாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ தூங்கு. முதலில் தூங்கிவிட்டு மீதியைப் படி.

கடிதத்தைப் படித்ததும் நான் மூன்று மாடி உயரத்துக்குக் குதித்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். குதிக்கவில்லை. அத்தை வாசிக்க, நான் கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பாவம் கவர்னரு, யாரும் அவருக்குச் சொல்லிடாதீங்க" என்றாள். பிறகு பள்ளத்தாக்குக்குப் போய் என் ஐம்பது அடியில் உட்கார்ந்தேன். இருட்டியதும் அவர் கடலிலிருந்து வந்தார். வயிறு நிறைய இரை; கிளையில் மோதி, கல் விழுவதுபோல் விழுந்து, எழுந்து உதறிக்கொண்டு, நேரே உள்ளே நடந்தார். உள்ளே குஞ்சு கத்தியது. பிறகு கத்தவில்லை.

மறுநாள் ஊருக்குப் போய், படகுத்துறையில் பத்துப் பேர் நடுவில் ஹெமியிடம் நானே சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லும் சந்தோஷத்தை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அப்ப அது கவர்னரு புள்ள இல்லையா?" என்றான்.

"ஊட்டுறது யாரு?"

"கவர்னருதான்."

"ரெண்டு மாசமா முன்னூறு மைல் கடல்ல போயி, தின்னதைத் தொண்டையில இருந்து எடுத்து ஊட்டுறாரு. நீ உன் புள்ளைங்களுக்கு அப்படி ஒரு வேளை ஊட்டியிருக்கியா?"

ஹெமி யோசித்தான். "ஊட்டியிருந்தா எம் பொண்டாட்டி என்னை வெட்டியிருப்பா" என்றான். அப்புறம் தொப்பியைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான். "விருந்து நல்லாத்தான் இருந்துச்சு, ஹோஹெப்பா. நான் ஒண்ணும் திருப்பிக் கொடுக்கறதா இல்லை."

ஆகவே அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுது. வேலி தெற்குக்குப் போகட்டும். அங்கேயும் பறவைதானே இருக்கிறது. கூண்டை அவர்கள் எடுத்தால் நான் புதுக் கூண்டு செய்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் இனி ஒரு பூனை நுழைந்தால் அது நீந்தி ஆஸ்திரேலியா போய்ச் சேரும்.

நீ எழுதிய மற்றதற்கு ஒரே ஒரு பதில். உன் அம்மா ஆனி உன்னை என் கையில் கொடுத்தபோது நீ ஒரு ரொட்டி அளவு இருந்தாய். அத்தையும் நானும் அதற்கு முன் பல வருடம் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் சொல்வேன். இதில் ஒரு சொல்லும் மிகை இல்லை.

மாமா


டனீடன்
மே 3

அன்புள்ள மாமா, அத்தை,

நான் சுகம். தூங்கினேன். சாப்பிட்டேன். புதுச் சப்பாத்து வாங்கினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் எனக்கே வெட்கமாக இருந்தது. தகப்பனா என்று மெஷினைக் கேட்டேன், இல்லை என்றது, அத்தோடு நிறுத்திவிட்டேன். ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்து, இன்னாருடைய மகனா என்று கேட்டு, இல்லை என்றால் அப்படியே வந்துவிடுவோமா? பின்னே யாருடைய மகன் என்று கேட்க மாட்டோமா? நம் தீவில் பிறந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

திரும்பப் போய், குஞ்சையும் கவர்னரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறு ஏதாவது உறவா என்று தேடினேன். வேறு எந்தப் பறவையிடமும் இல்லாத கவர்னரின் வெட்டு குஞ்சிடம் இருக்கிறது, மாமா. தகப்பனிடமிருந்து வருகிற அளவு இல்லை; அதில் பாதி. மற்ற வழிகளையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். குஞ்சின் தகப்பன் கவர்னரின் உடன்பிறந்தான்.

இந்தப் பறவைகள் பிறந்த இடத்துக்கே திரும்பி வரும். ஆகவே கவர்னர் தனி ஆள் இல்லை. அவருக்கு ஒரு தம்பியோ அண்ணனோ நம் பள்ளத்தாக்கிலேயே, நாம் பார்க்காத ஒரு பொந்தில் இருந்திருக்கிறான். ஒருவேளை இன்னும் இருக்கலாம். உடன்பிறந்தான் பிள்ளையைத்தான் கவர்னர் இத்தனை நாள் வளர்த்திருக்கிறார்.

இன்னொன்று. நீங்கள் சூட்டிய பெயரை மாற்ற வேண்டும். அவன் இல்லை, அவள்.

இதை எழுதி முடித்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நன்றாக அழுதேன். துக்கத்தால் இல்லை.

குழு நேற்றுக் கூடியது. முதல் முடிவையும் இரண்டாவதையும் ஒளிக்காமல் வைத்தேன். அந்த ரத்தம் நிலைத்திருக்கிறது, இன்னும் ஆட்களும் இருக்கக்கூடும் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். வேலி நம் பள்ளத்தாக்குக்குத்தான். முதலில் தூக்கியது ஃப்ளோரா. தெற்கை இத்தனை வருடம் காத்தவள் அவள்.

மாமா, என் பதிலில் நன்றி என்று எழுதிப் பார்த்தேன். துடுப்புக்கு நன்றி, காலுறைக்கு நன்றி, பள்ளிக்கூட விடுதிக்கு என்னை அனுப்பிவிட்டு ஒவ்வொரு விமானத்திலும் ஒரு பொய்க் கடிதம் போட்டதற்கு நன்றி என்று நீண்டுகொண்டே போனது. கிழித்துவிட்டேன். ஒரே ஒரு நன்றியாக எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கும் உங்களுக்கும்.

உங்கள்
ஹூரியா


தென்கோடிப் பண்ணை
மே 19

பறவைக் குலம் அனைத்துக்கும் உறவு சொல்ல வந்த என் ஹூரியாவுக்கு,

சுகம். உன் அத்தை உன் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டாள். ஊரில் மிச்சப் பேருக்கு ஹெமி படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். "நான் அப்பவே சொன்னேன், ஜாடை இல்லை, ஆனா சாயல் இருக்குன்னு" என்கிறானாம். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் நான் அவனை மறுக்கவில்லை. எனக்கும் முட்டையிலேயே தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதை அவனும் மறுக்கவில்லை.

நன்றி என்று இனி எழுதாதே. பதிலுக்கு நான் எழுத ஆரம்பித்தால் தீவில் காகிதம் போதாது. ஆட்டுத்தோலில் எழுத வேண்டிவரும்.

வேலிக் கம்பம் ஏற்றிய கப்பல் அடுத்த மாதம் வருகிறது. ஃப்ளோராவுக்கு இரண்டு இறால் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் சார்ஜன்ட் அளவு. என் ஐம்பது அடியை நாற்பதாகக் குறைத்துவிட்டாள்.

அவள் போய்விட்டாள், ஹூரியா. குஞ்சைச் சொல்கிறேன். கவர்னரும் நீலப்பெண்ணும் போன வாரமே கடலுக்குப் போய்விட்டார்கள்; அதற்குப் பிறகு பிள்ளை தானாகத்தான் கிளம்ப வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். பொந்தை விட்டு வந்து, சாய்ந்து கிடந்த மரத்தில் நகத்தாலும் மூக்காலும் பற்றி ஏறினாள். உச்சியில் கொஞ்ச நேரம் நின்றாள். காற்று வந்தது. ரொம்பப் பெரிய காற்று என்று சொல்ல மாட்டேன். போதுமான காற்று. இறக்கையை விரித்தாள், கடல் பக்கம் இறங்கினாள், பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டா."

"திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்?"

"அஞ்சாறு ஆகும்னு ஃப்ளோரா சொல்றா."

"நம்ம ஹூரியா கிறிஸ்துமசுக்கே வந்துடுவா" என்றாள் உன் அத்தை, யாரையோ ஜெயித்துவிட்டவள் மாதிரி.

நான் இத்தனை மாதமாகக் கவர்னரை நினைத்து நினைத்து மெச்சிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவனை ஒரு தரமும் நினைக்கவில்லை. அவனுக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்ல அவன் இருக்கிறானா என்றும் தெரியவில்லை.

ஆகவே இன்று இன்னொரு கடிதமும் எழுதினேன். வெலிங்டனுக்கு, ஆனிக்கு. உன்னை என் கையில் கொடுத்த நாளிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டையும் ஆட்டு விலையும் தவிர அவளுக்கு நான் எதுவும் எழுதியதில்லை. ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இது நீங்க எழுதினதா?" என்றாள். பிறகு அதைத் திருப்பி என்னிடம் கொடுக்கவில்லை. அவளே மடித்தாள், அவளே தபால்தலை ஒட்டினாள், விமானம் போய்விடப் போகிறதென்று அந்த முழங்காலோடு அவளே தபால் வண்டிக்கு ஓடினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
ஹோஹெப்பா